படுவான்கரையில் மரம் தேடி



களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தின் மீது மட்டக்களப்பு வாவியைக் கடந்து, போரதீவுக் கிராமங்களின் ஊடே, இருமருங்கிலும் வயல்வெளி விரிந்து கிடக்க மேற்கு நோக்கிச் செல்லும் பாதை நம்மை வெல்லாவெளியிற் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை என்னும், நெல்லுக்கும் தயிருக்கும் பேர்பெற்ற இப்பிரதேசத்தை இன்று வேறொரு பிரயோசனம் கருதி விவரிக்க விரும்புகிறேன். வீட்டுத் தாழ்வாரத்திலே சிறு பட்டறை அமைத்துத் தம் கையாலேயே மேசையும் அலுமாரியும் செய்ய ஆசைகொண்ட ஒருவருக்கு வைரம் பாய்ந்த மரமும் ஒட்டுப்பலகையும் இங்கே எவ்வாறு கிட்டும் என்பதே விஷயம்.

முன்னாளில், வனம் ஊருக்கு அணித்தாய் நின்ற காலத்தில், முதிரையும் பாலையும் வீரையும் வண்டியேறி வர நெடுந்தூரம் இருக்கவில்லை. அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்த அந்நாளிலே, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காடுகளை வயலாகவும் குடியேற்றமாகவும் மாற்றிற்று. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி எண்ணிறந்த விருட்சங்களைச் சாய்த்தது. 1990 முதல் இயற்கை வனங்களில் மரம் தறிப்பதை அரசாங்கமே நிறுத்திவிட்டது. இத்தடையை மனப்பூர்வமாக வரவேற்பவன் நான். இரவோடிரவாக வந்திறங்கும் காட்டுமரத்தை, விலை சகாயம் என்ற ஒரே காரணத்துக்காக எவரும் வாங்கலாகாது.

அப்படியானால் எங்கே போவது? வாவிக்கு அப்பால், கிழக்கே எழுவான்கரையின் மரக்காலைகளில் நடுகைக்காட்டுத் தேக்கு கிடைக்கும். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையும் உண்டு. வளவுகளில் முதிர்ந்து நிற்கும் வேம்பு கறையான் எளிதில் அண்டாத நல்ல மரம். பலாவைத் தறிப்பதற்கோ 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். எடுத்துச் செல்லும் மரத்துக்குரிய பத்திரத்தையும் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது உத்தமம்.

ஆயினும், என் அபிப்பிராயத்தில், தலைசிறந்த களஞ்சியம் பழைய வீடுகளே. கல்வீடு எழுப்புவதற்காக ஒரு பழைய மனையைப் பிரிக்கும்போது வெளிவரும் முதிரைத் தீராந்தி, புகையேறிக் கறுத்து விறகுக்கட்டை போலத் தோன்றும். ஊரிலுள்ள ஓடாவியார் ஒருவரை அழைத்து, ஒரு முனையில் சீவுளியை இரண்டு தரம் ஓடவிடச் சொல்லுங்கள். கருமை சுருளாய் உதிர, பொன்மஞ்சள் நிறமும், சாய்த்துப் பார்க்குந்தோறும் அலையலையாய் அசையும் மினுக்கமும், மெல்லிய நறுமணமும் வெளிப்படும். வாளிடுமுன் பழைய ஆணிகளைத் தடவித் தேடிப் பிடுங்கிவிட வேண்டும்; துளையிடாமல் புதிய ஆணி இறங்காது; முதிரையின் தூள் சிலருக்குத் தோலிலே அரிப்பை உண்டாக்குமாதலால் மூக்கையும் கைகளையும் மூடிக்கொள்வது அவசியம்.

ஒட்டுப்பலகையின் சரித்திரம் வேறு. இரண்டாம் உலகயுத்த காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் தேயிலைப் பெட்டிகளுக்காக அத்தொழில் தொடங்கிற்று. பின்னர் கொஸ்கமவில் அமைந்த ஆலைக்காக எழுபதுகளில் சிங்கராஜ வனத்திலேயே இயந்திரங்கொண்டு மரம் தறித்தார்கள். மக்களின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. இன்று பிரதான வீதிக் கடைகளில் எட்டடிக்கு நாலடித் தாள்களாக அடுக்கியிருப்பவற்றிற் பெரும்பகுதி கப்பலேறி வந்தவை. வாங்குபவர் முகப்பின் அழகில் மயங்காது விளிம்பைப் பார்க்க வேண்டும்: ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, இடையிலே போறை விழாமல் நெருங்கிப் பொருந்தியிருந்தாற் பலகை நம்பத்தக்கது. வாவிக்காற்றின் ஈரம் ஓயாத இவ்விடத்தில், நீருக்குத் தாங்கும் பசையிட்ட பலகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமாகாது.

வாங்கிய மரத்தை உடனே அறுத்துவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பே கூரையின் கீழ் நிலத்தினின்று உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே தடிப்பான சலாகைகளை வைத்து, காற்றோட்டம் படும்படி அடுக்கிவிடுங்கள். மாரி கழிந்து, மாசி பங்குனி வெயிலும் ஏறிய பிறகு உளியை எடுக்கலாம்.