சிகிச்சை முடிந்த பின்னர்



கச்சேரிக்கும் நாடகத்திற்கும் நடுவே நோயைப் பற்றி ஒரு பேச்சா என்று தாங்கள் எண்ணலாம். தமிழகத்தினின்றும் பாலக்காட்டிற்குக் குடிவந்து கல்பாத்திப் புழையின் கரையில் தெருக்கள் கண்ட நம் முன்னோர், இசையையும் கல்வியையும் மட்டுமா போற்றினர்? வெற்றிலைச் செல்லத்தையும் போற்றினர். அதற்கு நம் வீடுகள் செலுத்திய விலைகளுள் ஒன்று, வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோய். அந்நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பின் செய்யவேண்டியவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் அமைந்தது. இத்தகைய இடங்களில் அறுவையும் கதிர் சிகிச்சையும் பெற்று மீள்வோர் பலர். மீண்டதும் நாம் என் செய்கின்றோம்? விசுவநாத சுவாமிக்கு அர்ச்சனை செய்கின்றோம், நன்று. மறுமுறை வரவேண்டிய நாளைக் குறித்த சீட்டைச் சுவாமி படத்தின் பின்னால் செருகி மறந்துவிடுகின்றோம்; அது நன்றன்று.

இந்நோய் திரும்புமாயின், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே திரும்புகின்றது. ஆகவே முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்திற்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்திற்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு முடியும் வரை 4 முதல் 8 மாதத்திற்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுவது பொதுவான முறை. “வலியே இல்லையே, இரயில் செலவு எதற்கு?” என்பர். தொடக்கத்தில் இந்நோய் பல சமயம் வலிப்பதே இல்லை என்பதுதான் இதிலுள்ள சூது.

இடைப்பட்ட நாட்களில் வீட்டாரின் கண்ணே காவல். திருவனந்தபுர மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று விளக்கொளியில் மக்களின் வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் முடிவு வெளியாயிற்று. அது நோய் வராதவரிடம் செய்த ஆய்வுதான்; ஆயினும் வெறும் கண்ணால் எவ்வளவு காணலாம் என்பதற்குச் சான்று. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் புதிய கட்டி, தடித்த குரல் இவற்றுள் எது தோன்றினும், சீட்டிலுள்ள நாள் வரும் வரை காத்திருத்தல் கூடாது.

இனிப் பாக்கைப் பற்றி. “புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே” என்று கூறுவோரை நம் திண்ணைகளில் காணலாம். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே எனத் தன் 2004-ஆம் ஆண்டு நூலில் வரையறுத்துவிட்டது. பல்லாண்டு அந்நஞ்சில் ஊறிய வாயில், ஓரிடத்துக் கட்டியை நீக்கினும் வேறோரிடத்தில் புதிதாய் ஒன்று முளைக்கலாம். செல்லம் கூடத்தில் இருக்கும் வரை நோயாளியை மட்டும் கண்டிப்பதில் பயனில்லை; வீடே அதை விடவேண்டும்.

கதிர் பட்ட வாயில் உமிழ்நீர் வற்றும். உமிழ்நீர் வற்றினால் பற்கள் விரைந்து சொத்தையாகும். நாள்தோறும் புளோரைடு பூசுதலும் பல் மருத்துவரை முறையாகக் காண்பதும் இன்றியமையாதவை. ஆனால் பல்லைப் பிடுங்குவதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். கதிர் பட்ட தாடையெலும்பு ஆறும் வலிமையை இழந்திருக்கும்; பத்தாண்டு கழித்துப் பல்லைப் பிடுங்கினும் எலும்பு அழுகக்கூடும். ஆதலின் எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும், “எனக்குக் கதிர் கொடுத்திருக்கின்றது” என்பதே முதற் சொல்லாக இருக்கட்டும். வாய் இறுகாதிருக்க, மருத்துவமனையில் கற்பித்த பயிற்சியை நாள்தோறும் செய்யவேண்டும். உணவிற்கோ நம்மூர் மொளகூட்டல் இருக்கின்றது; காரம் குறைத்துக் குழைய வடித்த சோற்றில் பிசைந்தால் எளிதில் இறங்கும். கழுத்தில் கதிர் பெற்றவர் 6 முதல் 12 மாதத்திற்கு ஒருமுறை தைராய்டுச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். களைப்பும் உடல் பருத்தலும் மூப்பினால் என்று விட்டுவிடலாகாது.

குரல்வளையை முழுதும் நீக்கியவர் நிலை வேறு. அவர் கழுத்திலுள்ள துளை வழியாகவே மூச்சு விடுகின்றார். புழையில் மூழ்கிக் குளிப்பது அவருக்கு உயிருக்கே ஆபத்து, ஏனெனில் நீர் நேரே நுரையீரலுக்குச் செல்லும். இடுப்பளவு நீரில் நின்று மொண்டு குளிப்பதும் வேண்டா, கால் இடறலாம். வீட்டிலேயே துளையைக் காத்துக் குளிக்கட்டும். இசை விழா நடக்கும் தெருவில் குரலிழந்து அமர்ந்திருப்பது பெருந்துயர். எனினும் குரற்கருவி பொருத்திப் பேசப் பழகலாம். பெங்களூர் மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் ஒன்றை உருவாக்கினார். இத்தகைய கருவியைத் தூய்மை செய்யவும் காலத்தில் மாற்றவும் வேண்டும். அவர் பேசத் தொடங்கும்போது, அவருக்காக நாம் முந்திக்கொண்டு பேசாதிருப்பதும் ஓர் உதவியே.

துணைக்கு ஆளின்மையால் நாள் தவறுவோரும் உளர். பிள்ளைகள் மும்பையிலும் அயல்நாட்டிலும் இருக்க, முதியவர் தனியே இரயிலேறத் தயங்குகின்றனர். ஐப்பசித் தேர் வந்துவிட்டால், “தேர் கழியட்டும்” என்று தள்ளிப்போடுகின்றனர். சங்கம் ஒரு குறிப்பேடு வைக்கலாம். விரும்புவோர் தம் மறுவருகை நாளை அதில் எழுதட்டும். உடன் செல்ல இளைஞர் இருவரை மாதந்தோறும் அமர்த்துவோம். நாள் தவறியவர் வீட்டிற்கு மறுநாளே ஒருவர் சென்று விசாரிக்கட்டும். துணை செல்ல முன்வருவோர், இப்பேச்சு முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருமாறு வேண்டுகின்றோம்.