அருளும் ஊனும்

பசுவுக்கு அகத்திக்கீரை அளித்து மகிழும் அன்பர் சிலர் ஆட்டூன் உண்கின்றனர். வினவினால், புலான்மறுத்தல் திருக்குறளில் துறவறவியலில் அன்றோ உளது, இல்லறத்தார்க்கு அது விதியன்று என்பர். நன்று! கள்ளாமையும் அவ்வியலிலேயே உளது. இல்லறத்தான் களவு செய்யலாமோ? 25ஆம் அதிகாரம் அருளுடைமை. அதனை அடுத்து நிற்பதே புலான்மறுத்தல். ‘யாம் கொன்றிலோம்’ என்பார்க்கும், கொள்வார் பொருட்டே கொலை நிகழ்கின்றதென வள்ளுவர் அங்கேயே விடையிறுத்தார்.

கண்ணப்பர் ஊன் படைத்திலரோ என்பாரும் உளர். படைத்தார், ஆறாம் நாள் தம் கண்ணையே இடந்து அப்பினார். முன்னதை மட்டும் மேற்கோள் காட்டுதல் எளிது! வேட்டுவர் குலத்துதித்த அவர் அறிந்த உணவு அது. நமக்கோ நெல்லும் பருப்பும் உள.

மண்டலாபிடேகம் நிகழும் 48 நாளும் ஊன் தவிர்ப்பதாக நன்கொடையாளர் பலர் உறுதி பூண்டுள்ளீர்கள். மகிழ்ச்சி. 49ஆம் நாள் அவ்வாட்டிற்குக் கத்தியின் நோவு குறைந்துவிடுமோ?