பக்கவாதம்: காலத்தே அறிதலும் காத்தலும்

(வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இச்சங்கத்தின் விடுதியில் தங்கிப் பயின்று மருத்துவப் பணிக்குச் சென்றவர்கள் நாங்கள். இவ்விழாவில் நன்றி மட்டும் கூறிச் செல்ல எங்கள் உள்ளம் இசையவில்லை. கற்றதில் ஒரு சிறு பகுதியை உங்களோடு பகிர்ந்துகொள்வதே நாங்கள் ஆற்றத்தக்க கடன் எனக் கருதுகிறோம்.

இந்த 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் சிலரின் படிப்பு இடையில் நின்றதைக் கண்டோம். அறிவுக்குறைவு அதற்குக் காரணமன்று. வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய தந்தை, ஒரு நாள் காலையில் கைகால் விழுந்து கிடந்தார். மகன் புத்தகத்தை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். ஆகவே, பக்கவாதத்தைப் பற்றி அறிதலும் கல்விப் பணியே ஆகும்.

பக்கவாதம் தெய்வக் குற்றமன்று. எவரும் வைத்த செய்வினையுமன்று. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ, வெடிப்பதாலோ வருவது. அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

இதன் அறிகுறிகள் திடீரெனத் தோன்றும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும். இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒரு கை தாழும். ஒரு சிறு வாக்கியம் சொல்லச் சொன்னால் நாக் குழறும். இம்மூன்றில் ஒன்று தோன்றினாலும் போதும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108க்கு அழையுங்கள். திடீர்ப் பார்வைக் குறைவு, நடையில் தள்ளாட்டம், இதுவரை கண்டிராத கடுந்தலைவலி ஆகியனவும் எச்சரிக்கைகளே. சில நிமிடங்களில் தானே சரியாகிவிட்டதென்று வேலைக்குப் புறப்படுதல் கூடாது. பெரும் தாக்குதலுக்கு முன்னறிவிப்பாகவும் அது அமையலாம்.

விரைவு எதற்கெனில், அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை நோய் தொடங்கிய 4½ மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன், அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் எடுத்துத் தெளிய வேண்டும். எனவே, ஸ்கேன் வசதியும் இச்சிகிச்சையும் உள்ள அண்மை மருத்துவமனை எதுவென இன்றே விசாரித்து வையுங்கள். தூக்கத்தில் நோய் வந்திருப்பின், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள்.

செய்யக்கூடாதவையும் உள. புறா இரத்தம் பூசிப் பொழுதைக் கழிக்காதீர்கள். கஞ்சியோ காப்பியோ தண்ணீரோ புகட்டாதீர்கள். அது மூச்சுக்குழலில் புகுந்துவிடலாம். ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் மாத்திரையும் தரலாகாது. இரத்தக் கசிவாயின் அது கேடு விளைக்கும்.

இனி, வருமுன் காத்தல். இந்நோயின் தலையாய காரணம் உயர் இரத்த அழுத்தம். 140/90க்கு மேல் இருந்தும் எவ்வித வேதனையும் தராமல் அது பல்லாண்டு மறைந்திருக்கும். அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. பழஞ்சோற்றுக்கு ஊறுகாயும் கருவாடும் துணையாவது நம் இல்லங்களின் வழக்கம். அவற்றில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும். பீடியும் புகையிலையும் மதுவும் ஒழிய வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இருக்க வேண்டும். அழுத்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி வீட்டிற்கே வந்தும் தருகின்றனர். உடல் தேறிவிட்டதென எண்ணி, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்தை அழைப்பதாகும்.

இளைஞர்களே! உங்களைப் படிக்கவைத்த பெற்றோர் தம் உடலை அளந்து பார்த்தவர்கள் அல்லர்; கூலி போய்விடுமே என்று நோயை மறைத்தவர்கள். இவ்வாரத்திலேயே அவர்களை அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். அம்மூன்று அறிகுறிகளையும் 108 என்ற எண்ணையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் பெற்ற கல்வி பெற்றோரின் உயிரைக் காக்குமாயின், இச்சங்கம் 25 ஆண்டுகள் பட்ட பாட்டிற்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.