இரண்டு விதிகள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரக் கணக்கு. "இது இஞ்சினீயர்களுக்கு உரிய சங்கதியாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் மின்சாரக் கம்பி நுழையாத வீடு இன்று அபூர்வம். நம் வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருக்கும் ஒன்றின் குணம் நமக்குத் தெரியவேண்டாமா?

ஈரக் கையோடு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர் இறந்தார், வயலில் மோட்டாரைப் போடப் போனவர் இறந்தார் என்று வருஷந்தோறும் கேள்விப்படுகிறோம். அந்தச் சாவு வீட்டில் என்ன பேசுகிறார்கள்? "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள். நாமும் விதி என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் நாம் சொல்லும் விதி தலையில் எழுதப்பட்டதல்ல. 1827-ல் ஜெர்மனியில் அச்சான ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் ஓம். பெயரைக் கேட்டவுடன் மந்திரம் என்று எண்ணி யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஜார்ஜ் சைமன் ஓம் என்ற அவர், 1789-ல் எர்லாங்கன் என்னும் ஊரில் பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த பள்ளிக்கூட ஆசிரியர்.

அவர் தவம் கிடந்து இதைப் பெறவில்லை. இரண்டு உலோகங்களை இரண்டு இடங்களில் ஒட்டி, ஓர் ஒட்டைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிதளவு மின்சாரம் ஒரே சீராய் ஓடும். அதை வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளில் ஓடவிட்டு, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறதென்று அளந்து அளந்து எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் அந்த விதி.

அது என்ன? ஏரியில் தண்ணீர் உயர்ந்தால் மதகில் வேகம் கூடுகிறது. மதகைக் குறுக்கினால் ஓட்டம் குறைகிறது. அதுபோல மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்திற்கு வோல்ட் என்றும், ஓடும் அளவிற்கு ஆம்பியர் என்றும், வழியிலுள்ள தடைக்கு ஓம் என்றும் பெயர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது எவ்வளவு வேகமாய்ச் சக்தி செலவாகிறது என்ற கணக்கு. இவ்வளவுதான் வித்தை.

உதாரணமாக, இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. 1000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். அது ஒரு மணி நேரம் முழுதும் சுட்டுக்கொண்டிருந்தால் 1 யூனிட். பில்லில் வருவதும் இதே கணக்குத்தான்.

இனி மாலையில் வோல்ட் இறங்கி 115 ஆகிவிட்டதென்று வையுங்கள். வோல்ட் பாதியானால் சூடும் பாதி என்று நினைப்போம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தடை அதே 53 ஓம். ஆகவே ஓட்டம் சுமார் 2.17 ஆம்பியர். 115-ஐயும் 2.17-ஐயும் பெருக்கினால் 250 வாட். அழுத்தம் பாதி, சூடு காலே கால்! பெட்டி கெட்டுப் போயிற்று என்று சொல்லிப் புதிதாக விற்க வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஆனால் மோட்டாருக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. அதற்கு வேறு சில்லறையும் சேர்க்கவேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இப்போது சாவுக் கணக்கைப் பாருங்கள். நேற்று அந்தப் பெட்டியைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டு பிழைத்தான். இன்று தொட்டவன் செத்தான். கடவுள் ஒருவனைக் காத்து மற்றவனைக் கைவிட்டார் என்பதா? உலர்ந்த கையும் காலில் செருப்புமாய் இருந்தவன் வழியில் 20,000 ஓம் தடை இருந்தால், அவன் உடம்பில் ஓடியது 0.0115 ஆம்பியர். ஈரக் கையும் ஈரத் தரையுமாய் நின்றவனுக்குத் தடை சுமார் 1,000 ஓம்தான், ஓடியது 0.23 ஆம்பியர். 0.1 ஆம்பியரே இருதயத்தின் துடிப்பைக் குலைத்துக் கொல்லப் போதும். இருவருக்கும் பெட்டி ஒன்றே, விதியும் ஒன்றே, ஈரம்தான் வேறு.

"பியூஸ் காப்பாற்றாதா?" என்று கேட்பீர்கள். 5 ஆம்பியர் பியூஸ் 0.23 ஆம்பியருக்கு எப்படி உருகும்? அது உருக வேண்டுமானால் பெட்டியின் உடம்பிலிருந்து பூமிக்கு எர்த் கம்பி போகவேண்டும். அந்த வழியின் தடை 5 ஓம் என்றால், மின்சாரம் பெட்டியின் உடம்பில் கசிந்த மாத்திரத்தில் 46 ஆம்பியர் பாயும், பியூஸ் உருகும், மனிதன் பிழைப்பான். மூன்றாவது கம்பி வீண் செலவு என்று எர்த்தை விட்டுவிட்டு, பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு, பிறகு விதியின்மேல் பழிபோடுவது என்ன யோக்கியம்? 0.03 ஆம்பியர் வழிதவறினாலே இணைப்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருக்கிறது. வாசலில் பூசணிக்காய் கட்டுகிறவர்கள் முதலில் இதை மாட்டட்டும்.

தோழர்களே! ஓம் புத்தகம் எழுதியபோது அவர் தேசத்துப் பண்டிதர்கள் பலர் அதை மதிக்கவில்லை. அவர் உத்தியோகத்தையே விட்டு விலகினார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 1854-ல் அவர் இறந்த பிறகு, 1881-ல் பாரீசில் கூடிய மின்சார மகாநாடு தடையின் அளவுக்கு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது. பெரியவர்கள் ஏளனம் செய்ததால் அந்த உண்மை பொய்யாகவில்லை. பதக்கம் கொடுத்ததால் மெய்யாகவுமில்லை. யார் அளந்தாலும் ஒரே விடை வந்தது, அதனால்தான் நிலைத்தது.

ஆகவே நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக நீங்களும் நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு சாமானின் முதுகிலும் எழுதியிருப்பதைப் படித்து, வகுத்துப் பாருங்கள். பரீட்சைக்காகக் கம்பியைத் தொடவேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும். அடுத்த சாவு வீட்டில் யாராவது "விதி" என்றால், "எந்த விதி? அந்தப் பெட்டிக்கு எர்த் இருந்ததா?" என்று கேளுங்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.