குரலுக்கும் உரியவர் உண்டு



புதுயுக இசை என்று ஒருவகை உண்டு. தேவாலயக் கூட்டுப்பாடலும், கிட்டார் நாதமும், பல நாட்டு மக்களின் குரலும் மின்னணுக் கருவியில் கலந்து, மெதுவான தாளத்தில் மிதந்து வரும் இசை அது. அதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இத்தனை பேரும் ஓரிடத்தில் கூடிப் பாடுவதில்லை. 'சாம்ப்ளர்' என்னும் கருவி, முன்பே பதிவான ஒலியில் ஒரு துண்டை எண்களாக மாற்றித் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. கட்டையை அழுத்தினால் அத்துண்டு ஒலிக்கும். வேகத்தையும் சுருதியையும் விருப்பம்போல் மாற்றலாம். ஆகவே, பாடியவர் அறியாமலேயே அவர் குரல் வேறொரு பாட்டுக்குள் போய்ச் சேர முடியும். அப்படி நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள்.

மைக்கேல் கிரெட்டு ருமேனியாவில் பிறந்தவர். ஜெர்மனியில் இசைத்தொழில் செய்தவர். 'எனிக்மா' என்ற பெயரில் 1990இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பு, கிரெகோரியன் வழிபாட்டுப் பாடலை நடனத் தாளத்தோடு இணைத்துப் புகழ் பெற்றது. 1993இல் வந்த இரண்டாம் தொகுப்பில் 'ரிட்டர்ன் டு இன்னொசென்ஸ்' என்ற பாட்டு இருந்தது. அதில் ஒரு முதியவரின் குரல் உள்ளத்தைத் தொடும்படி ஒலிக்கும்.

அக்குரலுக்கு உரியவர் தைவான் நாட்டு விவசாயி டிஃபாங். அமிஸ் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். குவோ யிங்நான் என்பது அவருடைய சீனப் பெயர். 1988இல் அவரும் அவர் மனைவி இகாயும் குழுவினரோடு ஐரோப்பா சென்று பாடினார்கள். பிரான்சில் அது பதிவாயிற்று. அப்பதிவிலிருந்தே அக்குரல் எடுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் அது ஒலித்தது. ஆனால் பாடியவர் பெயர் பாட்டில் குறிக்கப்படவில்லை.

1998இல் அத்தம்பதியர் வழக்குத் தொடுத்தார்கள். அப்பதிவு பொதுச்சொத்து என்றே தாம் நம்பியதாகக் கிரெட்டு கூறினார். 1999இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அவர்களுக்குப் பணம் கிடைத்தது. அதன்பின் வந்த வெளியீடுகளில் பெயரும் இடம்பெற்றது. டிஃபாங் 2002இல் காலமானார்.

"முன்னோர் பாட்டு எல்லார்க்கும் பொதுதானே?" என்று சிலர் கேட்கலாம். பாட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் அதைப் பாடிய தொண்டை ஒருவருடையது. அந்த உழைப்பும் அவருடையதே. பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாடியவரின் உரிமை வேறு. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

நம்மிடமும் இத்தகைய செல்வம் உண்டு. பால்மரக் காட்டில் பாடிய பாட்டு, லயத்துத் திண்ணையில் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவை நம் பாட்டிமார் நெஞ்சிலே இருந்தவை. அவற்றில் பல எழுதப்படாமலே மறைந்தன. எஞ்சியவற்றையேனும் காப்போம். பாடுபவரின் அனுமதி கேட்டுப் பதிவு செய்வோம். அவர் பெயர், தோட்டத்தின் பெயர், நாள், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பதிவோடு சேர்த்து வைப்போம். பிறர் கேட்டால், எதற்காக என்று விசாரித்த பின்னரே கொடுப்போம்.

புதிய இசையை வெறுக்க வேண்டியதில்லை, மகிழ்ந்து கேட்போம். அதனுள்ளே ஒலிக்கும் குரல் யாருடையது என்றும் கேட்போம்.