எல்லைப்புறத்துக் கல்லூரி நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். எங்கள் என்று பன்மையிற் கூறுவது பெருமிதத்தால் அன்று. ஒரே கல்லூரியில் ஒரே காலத்தில் பயின்ற மூவர் இன்று இக்குடியிருப்பில் வாழ்கிறோம். மூவரும் கூடி எழுதியதை ஒருவர் வாயால் சொல்கிறோம். ஆதலின் இவ்வுரையில் பிழை காணப்படின் அதனையும் மூவரும் பங்கிட்டுக்கொள்வோம்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்க்கோடியில் சித்தூர் வட்டம் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் கடைத்தெருவிலும் பேருந்திலும் கேட்பது பெரும்பாலும் தமிழே. ஆடி மாதத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று பனைகளின் தலையைப் பிடித்து ஆட்டும், மழையோ குறைவு. எங்கள் பாட்டனார் முதலில் கொச்சி மன்னரின் குடி. 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின் குடி. 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் குடி. வீட்டை விட்டு ஓரடியும் பெயராமல் அவர் மூன்று அரசுகளைக் கண்டார். இங்குள்ள நீங்கள் ஊரை விட்டு வந்து சிறுபான்மையினர் ஆனீர்கள்; நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே சிறுபான்மையினர் ஆனோம்.

எங்களுள் ஒருவர் மட்டும் மலைநாட்டவர். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வரும் பயணமே ஒரு பூகோளப் பாடம். மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் வண்டி மாறி, மீண்டும் எல்லை கடந்து சித்தூர் வரவேண்டும். கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்குத் தமிழ்நாட்டின் வழியே வருகிறார்! சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டும்போதெல்லாம், அன்னையார் கட்டிக்கொடுத்த தேயிலைப் பொட்டலத்தைக் குறித்து அவருக்கு ஒரு நடுக்கம்.

சித்தூர் அரசு கல்லூரி 1947இல் தோன்றியது. கேரளத்தில் தமிழை முதன்மைப் பாடமாகப் படிக்க இடந்தரும் சில கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. நாங்கள் அங்குப் பயின்றது 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம். மூவரும் கத்தோலிக்கர், அதிலும் ஆர்வம் மிகுந்த கத்தோலிக்கர். இளமையின் ஆர்வம் சற்று அளவு கடந்தே இருக்குமன்றோ? விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும், வாயில் இட்டலியுடன் பேருந்துக்கு ஓடுவோம். வெள்ளி மாலை சிலுவைப்பாதை. சனி மாலை பாடகர் குழுவின் பயிற்சி. ஆர்மோனியம் வாசித்தவர் எங்களுள் ஒருவரே. அவர் வாசிப்பைப் பற்றி மற்ற இருவரும் கூற விரும்பியதை அவர் இவ்வுரையிலிருந்து நீக்கிவிட்டார்.

கிறித்தவக் கல்லூரிகளில் மாணாக்கருக்கென்று அமைப்புகள் உண்டு. 1924இல் திருச்சியில் இயேசு சபைத் துறவி கார்ட்டி அடிகளார் தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை அவற்றுள் பெயர்பெற்றது. எங்களுடையதோ அரசுக் கல்லூரி. ஆதலால் எங்களுக்குப் பங்குக் கோயிலும் அதன் வேப்பமர நிழலுமே பேரவையாயின.

விடுதி அறையில் எங்களுடன் தங்கியவர்கள் சீரோ மலபார் சபையைச் சேர்ந்த மலையாள நண்பர்கள். ஒரே திருச்சபை, வழிபாட்டு முறை வேறு. தவக்காலம் வந்தால் வேடிக்கைதான். அவர்களுடைய நோன்பு திங்களன்று தொடங்கும். இலத்தீன் முறையினரான எங்களுக்குப் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிய பின்னரே தொடங்கும். இடைப்பட்ட இரண்டு நாளும் நாங்கள் மீன் குழம்பு உண்ண, அவர்கள் பயற்றுக் கூட்டுடன் எங்களை நோக்குவார்கள். பெரிய வியாழன் இரவில் அவர்கள் வீட்டுப் பெசஹா அப்பமும் பாலும் உண்ண எங்களையும் அழைத்துச் சென்றார்கள். வீட்டுத் தலைவர் அப்பத்தைப் பிட்டு வயது வரிசையில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்த அமைதி இன்றும் நினைவில் இருக்கிறது.

வழக்குகளும் நடக்கும். கேரள மண்ணில் தமிழ் விருந்தாளிதானே என்று ஒருநாள் ஓர் அறைத்தோழர் சொன்னார். எங்களுக்குக் கோபம் பொங்கிற்று. நல்லவேளையாகத் தமிழ் வகுப்பில் அவ்வாரந்தான் ஒரு செய்தி படித்திருந்தோம். இந்திய நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துக்கீசியத் துறவியின் தமிழாக்கம். அது 1578இல் அச்சேறிய ஊர் எது? கேரளத்துக் கொல்லம்! விருந்தாளி நானூறு ஆண்டுக்கு மேலாகத் தங்கியிருக்கிறார் என்று சொன்னோம். அவர் சிரித்து, எழுந்து போய்த் தேநீர் வாங்கி வந்தார். மலைநாட்டு நண்பருக்கு இவ்வெற்றி போதவில்லை. மூணாற்றுக் கார்மேல் அன்னை கோயில் 1898இல் தோன்றியது என்பதையும் அன்றிரவே எடுத்துரைத்தார். (அக்கோயில் 2024இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அவர் இச்சங்கத்தார் அனைவருக்கும் இனிப்பு வழங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.)

இனி, நாங்கள் உண்மையிற் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

கேரளத்துக் கல்லூரிகளில் மாணவர் அரசியல் மிகுதி என்பதை அறிவீர்கள். எங்கள் வகுப்புத் தோழர் ஒருவர், சித்தூர்க்காரர், பொதுவுடைமைக் கொள்கையினர். ஒருநாள் அவர் கேட்டார்: “நீங்கள் மூவரும் நாள்தோறும் செபிக்கிறீர்கள். அதனால் உங்கள் ஊர்க் கூலிக்காரருக்கு என்ன ஆயிற்று?” எங்களுக்கு விடை தோன்றவில்லை. பங்குத்தந்தையிடம் சொன்னோம். அவர் பிரெடரிக் ஓசானாம் என்பாரின் வரலாற்றைச் சொன்னார். பாரிசில் பயின்ற மாணாக்கர். இத்தகைய கேள்வியை எதிர்க்கொள்கையினர் கேட்டபோது அவருக்கு வயது 20. வாதாடுவதை விட்டுத் தோழர் சிலருடன் ஏழைகளின் வீடு தேடிப் போனார். 1833இல் வின்சென்ட் தே பவுல் சபை அவ்வாறுதான் பிறந்தது. பங்குதோறும் அதன் உண்டியலைப் பார்த்திருந்த நாங்கள், அதனைத் தொடங்கியவர் எங்கள் வயதினர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

எங்கள் கையில் பணம் இல்லை, எழுத்து இருந்தது. ஊரில் முதியவர் பலருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அலுவலகப் படிவங்களோ மலையாளத்தில். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, வருவோர்க்கெல்லாம் மனு எழுதிக்கொடுக்கத் தொடங்கினோம். குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை, நிலவரி என்று வந்தார்கள். கிறித்தவர் மட்டும் வரவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரியாரும் வந்தார்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடந்தருகிறது. இதனை அறிந்ததும் எங்கள் ஆர்வம் கரை புரண்டது. இனி எல்லா மனுவும் தமிழில்தான் என்று முடிவு செய்தோம். கணவரை இழந்த ஓர் அம்மையார், கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர், உதவித்தொகைக்கு மனு எழுத வந்தார். அழகிய தமிழில், சட்டத்தின் ஆண்டையும் சுட்டி எழுதினோம். எழுதி முடித்து மும்முறை படித்து மகிழ்ந்தோம். ஓர் அலுவலகத்தில் அம்மனு மூன்று மாதம் கிடந்தது. கேட்கச் சென்றபோது, படிக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றனர். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. அதில் இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் அரிசி வாங்கப் பணமின்றி இருந்தது நாங்கள் அல்லோம். அம்மையார் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். “எழுதினது சரிதானே, தம்பிகளா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு மூவருக்குள்ளும் பெருஞ்சண்டை மூண்டது. மேலிடத்துக்கு முறையிட்டுத் தமிழ் மனுவையே ஏற்கச் செய்யவேண்டும் என்றார் ஒருவர். மலைநாட்டு நண்பர் உடன்படவில்லை. கொழுந்து பறிக்கும் அன்னையின் கூலியில் படித்தவர் அவர். “என் அம்மாவின் காசு நின்றிருந்தால் நீ எந்த மொழியில் எழுதுவாய்?” என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

மறு ஞாயிறு அப்பொதுவுடைமைத் தோழர் கோயில் வளாகத்துக்கு வந்தார். நாங்கள்தான் அழைத்தோம். செருப்பை எங்கே கழற்றுவது என்று தயங்கி நின்றவரைப் பாயில் உட்கார வைத்தோம். அம்மையார் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் எழுதினார். அடியிலே எங்கள் தமிழ் மனுவையும் இணைத்து, இரண்டையும் ஒன்றாக அனுப்பினோம். அன்று முதல் படிப்பு முடியும்வரை அதுவே எங்கள் முறையாயிற்று: மேலே மலையாளம், கீழே தமிழ். தமிழைக் கைவிட்டீர்கள் என்று ஊரில் ஓரிருவர் எங்களைக் குறை கூறினர். அக்குறையை நாங்கள் முழுதும் மறுக்கவில்லை. இன்றும் எங்களுள் ஒருவர், முறையிட்டிருக்க வேண்டும் என்றே வாதிடுகிறார். இவ்வுரையை எழுதும்போதும் வாதிட்டார்.

எங்கள் ஊர்ப் பங்கு அக்காலத்தில் கோயமுத்தூர் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. 2013 இறுதியில் பாலக்காட்டுப் பகுதிக்கெனச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தபின் அதனைச் சார்ந்தது. சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது கோயிலில் தமிழ்ப் பூசை நடந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் போய் மின்விசைப் பெட்டி வந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் மூன்று பெண்பிள்ளைகள் உட்கார்ந்து, கைப்பேசியில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்மையாருக்கு உதவித்தொகை அடுத்த இரண்டு மாதத்தில் வந்தது. ஒரு முறம் வேகவைத்த கடலையைப் பாடகர் குழுவுக்குக் கொண்டுவந்தார். பயிற்சி நின்றுபோயிற்று. மலையாள மனு எழுதிய தோழருக்கென்று தனியே ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். எங்கள் மூவருக்கும் முறத்திலிருந்துதான்.