உள்ளே இருக்கும் விரிசல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேசைமேல் ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். "வாத்தியார் எதுக்குப் பழைய இரும்பைத் தூக்கிட்டு வந்திருக்காரு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

இது ஒரு லோரியின் உடைந்த அச்சு. என் தந்தையார் தோட்டத்து லோரி ஓட்டியவர். நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், ஒரு விடியற்காலை, பால்வெட்டுக்குப் போகும் பெண்களை அவர் ஏற்றிச் சென்றபோது, நேரான சாலையிலேயே இந்த அச்சு முறிந்து வண்டி கால்வாயில் சாய்ந்தது. இரண்டு பேருக்குக் கை முறிந்தது. "கண்ணுமண்ணு தெரியாம பள்ளத்துல விட்டிருப்பே" என்று பழி அப்பாமேல் விழுந்தது. "தெனம் கீழே படுத்துப் பார்த்துட்டுத்தானே வண்டியை எடுக்கிறேன்" என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. இந்தத் துண்டை மட்டும் வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பெரியோர்களே, இதன் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி சொரசொரப்பாக இருக்கிறது. அதுதான் அன்று காலை உடைந்தது. மறு பகுதி வழவழப்பாக, சிப்பி ஓட்டைப்போல வளையம் வளையமாக இருக்கிறது. வண்டி ஓடியும் நின்றும், பாரம் கூடியும் குறைந்தும், விரிசல் சிறுகச் சிறுக நகர்ந்து வந்த தடங்கள் இவை. இந்த வளையங்கள் தொடங்கும் புள்ளியோ மேல்தோலில் இல்லை, சற்று உள்ளே இருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். இரும்பு தாங்கக்கூடிய சிறு பாரமே ஆனாலும், லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் விரிசல் பிறக்கலாம்.

1998 ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் எஷெடே என்னும் ஊருக்கருகே ஓர் அதிவேக ரயில் தடம் புரண்டது. 101 பேர் மாண்டனர். அதன் சக்கரங்களில் எஃகு வளையத்துக்கும் நடுச்சக்கரத்துக்கும் இடையே, அதிர்வைக் குறைக்க, ரப்பர் வைத்திருந்தார்கள்.  சக்கரம் சுழலச் சுழல எஃகு வளையம் சிறிது நெளிந்து கொடுத்தது. 200 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 20 சுழற்சி அல்லவா? ரப்பரை ஒட்டிய உட்பக்கத்தில் விரிசல் பிறந்து, வளர்ந்து, வளையம் அறுந்தது.

அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படிக் காண்பது? மாம்பழத்துக்குள் வண்டு இருந்தால் அறுத்துப் பார்க்கலாம். ஆனால் அறுத்த பழம் மீண்டும் பழமாகாது. உலோகத்தை அறுத்தாலும் அப்படித்தான்; அந்த விரிசல் நாளை எப்படி வளரும் என்று பார்க்கமுடியாது. இங்கேதான் எக்ஸ்ரே துணைக்கு வருகிறது. 1895-இல் ரோண்ட்ஜென் கண்டுபிடித்த கதிர் அது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேனைப்போல, சிறு உலோகத் துண்டைச் சுழற்றி, பல கோணங்களில் நிழற்படம் எடுத்துக் கணினியில் சேர்த்தால், விரிசலின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் தெரியும். பிறகு அதே துண்டுக்கு மறுபடி பாரம் ஏற்றி, மறுபடி படம் எடுக்கலாம்.

ஜப்பானில் ஸ்பிரிங்-8 என்னும் நிலையம் இருக்கிறது. 1,436 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, மிகக் கூர்மையான எக்ஸ்ரே எடுக்கிறார்கள். விமான எஞ்சின்களில் பயன்படும் டைட்டானியக் கலவையை அங்கே ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: உள்விரிசல் தொடக்கத்தில் மிக மெதுவாகவே வளர்கிறது. ஒரு முறை பாரம் ஏறி இறங்கினால் சராசரியாக ஓர் அணுவின் அளவுகூட நகர்வதில்லை. உள்ளே காற்றுப் படாததே அதற்குக் காரணம் என்கிறார்கள். அதாவது, உடைவதற்கு முன்னால் நமக்கு நீண்ட அவகாசம் இருக்கிறது!

ஆனால் தடித்த இரும்பை இந்தக் கதிர் எளிதில் ஊடுருவாது. ஆகவே முழு ரயில் சக்கரத்தை மீயொலி செலுத்திச் சோதிக்கிறார்கள். விரிசல் எங்கே பிறக்கும், எவ்வளவு நாளைக்கு ஒரு முறை சோதிக்கவேண்டும் என்று கணக்கிட, சிறு துண்டுகளில் கண்ட இந்த அறிவு உதவுகிறது.

மாணவர்களே, நம் கொடிமலை ரயிலில் ஏறும்போதும், பாலத்தைக் கடக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பார்க்க யாரோ படித்திருக்கிறார்கள் என்பதை நினையுங்கள். நாளை அந்த ஆள் நீங்களாக இருக்கக்கூடாதா?

பெற்றோர்களே, பிள்ளை தேர்வில் விழுந்துவிட்டால் உடைந்த நாளை மட்டும் பார்த்துத் திட்டாதீர்கள். விரிசல் என்றைக்கோ தொடங்கியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இன்னும் அவகாசம் இருக்கிறது.

இறுதியாக ஒரு வார்த்தை. என் தந்தையார் அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அப்பா, இந்த வளையங்களைப் படிக்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. அன்று வண்டியை நீங்கள் ஒழுங்காகத்தான் ஓட்டினீர்கள்.